கிளாஸ்கோவில் இங்கிலாந்து ஜெர்சி

கேள்வி: நான் கிளாஸ்கோவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறேன். என் மகனுக்கு வயது பத்து. லண்டன் குரோய்டனில் பிறந்து வளர்ந்தவன்; இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் குடும்பத்தோடு இங்கு வந்தோம். இங்கிலாந்து கால்பந்து அணி என்றால் அவனுக்கு உயிர். புக்காயோ சாக்காவின் பெயர் பொறித்த ஜெர்சியைத் துவைக்கக் கழற்றித் தரவே அழுவான். ஜூலை 14 அன்று இங்கிலாந்தும் ஸ்பெயினும் மோதிய யூரோ 2024 ஐரோப்பியக் கால்பந்துத் தொடரின் இறுதிப்போட்டியைச் சேர்ந்து பார்க்கலாம் என்று என் மேலாளர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். மிக நல்ல மனிதர். நாங்கள் வந்த புதிதில் எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் 86ஆவது நிமிடத்தில் ஸ்பெயினுக்காக ஓயர்சபால் கோல் அடித்ததும், எங்கள் இருவரைத் தவிர அறையில் இருந்த அத்தனை பேரும் துள்ளி எழுந்து கத்தினார்கள். அவர் சோபாவின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். என் மகன் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதான். அண்டை நாட்டு அணியின் ரசிகர்கள் மீது இவர்களுக்கு ஏன் இத்தனை வெறுப்பு? எங்கள் நிறமும் இதில் ஒரு காரணமா? ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் அவனை அந்த ஜெர்சியோடு வெளியே அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் மூன்றில் முதல் கேள்விக்கே அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் பாதிக்கு மேல் தாமாகவே தெளிந்துவிடும். மனிதர்கள் குழுவாகச் சேரும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராய்வது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அன்று உங்கள் மேலாளர் சோபாவின் மேல் ஏறி நின்றபோது உங்கள் மகன் அவர் நினைவிலேயே இருந்திருக்க மாட்டான். அதுதான் பிழை என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பத்து வயதுப் பிள்ளையை விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரர் அவன் அணிந்திருக்கும் ஜெர்சியைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் அது கவனக்குறைவு, வெறுப்பு அல்ல.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எரிச்சலூட்டுவது இங்கிலாந்து ரசிகர்கள் தங்கள் அணியை நேசிப்பது அல்ல. அந்த நேசம், பக்கத்தில் வேறொருவர் இருக்கிறார் என்பதையே பொருட்படுத்தாமல் வெளிப்படுவதுதான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தின் குழாய் ஒலிபெருக்கியை நம் வீட்டுச் சன்னலைப் பார்த்துக் கட்டிவிட்டு, 'நீங்களும் கேட்டு மகிழுங்கள்' என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? கல்யாணத்தின் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. அதைத் தப்பிக்க வழியின்றிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் குறை.

இந்த ஒலிபெருக்கி கற்பனையான ஒன்றல்ல. ஐக்கிய இராச்சியம் ஒரே அரசு. ஆனால் கால்பந்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நான்கு தேசிய அணிகள். இங்கிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.7 கோடி, ஸ்காட்லாந்தினுடையது சுமார் 55 லட்சம், அதாவது பத்தில் ஒரு பங்கு. நாடு முழுவதற்குமான தொலைக்காட்சி நிறுவனங்களின் தலைமையும் விளம்பரச் சந்தையின் பெரும் பங்கும் லண்டனில் இருப்பதால், பெருந்தொடர்கள் நடக்கும்போது இங்கிலாந்து வீரர் ஒருவரின் கணுக்கால் வலி கிளாஸ்கோ வீட்டு வரவேற்பறைக்கும் முதல் செய்தியாக வந்து சேர்கிறது. இங்கிலாந்து விளையாடாத ஆட்டத்தில்கூட வர்ணனையாளரும் நிபுணர்களும் இங்கிலாந்தின் அடுத்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். 1966இல் வென்ற உலகக்கோப்பையைப் பற்றிய பேச்சு இல்லாமல் ஒரு மாலைப் பொழுது கழிந்தால் அதுவே அதிசயம். உங்கள் மேலாளரின் வயது எனக்குத் தெரியாது. ஐம்பதை ஒட்டியவர் என்றால், தாம் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஓர் ஆட்டத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்.

இதைவிட உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. யூரோ 2024க்கான தகுதிச்சுற்றில் இங்கிலாந்து ஆடிய ஆட்டங்களைச் சேனல் 4 இலவசமாக ஒளிபரப்பியது. ஸ்காட்லாந்தின் ஆட்டங்களைப் பார்க்க வயாபிளே என்ற கட்டணச் சேவைக்குச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. சொந்த அணியைக் காசு கொடுத்துப் பார், பக்கத்து அணியை வேண்டாமென்றாலும் பார் என்ற நிலையில் இருந்தவர்களின் வீட்டில்தான் நீங்கள் அன்று அமர்ந்திருந்தீர்கள்.

கொடியும் தேசிய கீதமும் இதே மனக்குறையின் இன்னொரு முகம். 1966 உலகக்கோப்பையின் சின்னமான வில்லி என்ற சிங்கம் அணிந்திருந்த சட்டையில் இருந்தது நான்கு நாடுகளுக்கும் பொதுவான யூனியன் ஜாக். அந்த இறுதிப்போட்டியில் வெம்பிளி அரங்கில் அசைந்தவையும் பெரும்பாலும் அந்தக் கொடிகளே. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை கொண்ட இங்கிலாந்தின் தனிக் கொடி அரங்குகளை நிறைத்தது 1996ஐ ஒட்டித்தான். கீதம் இன்றும் மாறவில்லை: ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தமக்கென வேறு பாடல்களைப் பாடும்போது, இங்கிலாந்து முழு இராச்சியத்துக்கும் உரிய அரச கீதத்தைத் தன்னுடையதாகப் பாடுகிறது. இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால், 'இதில் என்ன இருக்கிறது?' என்று உண்மையாகவே வியப்பார். தன்னையும் முழு நாட்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகியவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மற்ற மூவருக்கும் அது ஒவ்வொரு நாளும் கண்ணில் படுகிறது.

இங்கிலாந்து ரசிகர்களில் பலர் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு வாக்கியமும் இங்கே எதிர்விளைவையே உண்டாக்குகிறது. 'ஸ்காட்லாந்து ஆடினால் நாங்கள் அவர்களுக்கு ஆதரவு தருகிறோமே, அவர்கள் ஏன் எங்களுக்குத் தருவதில்லை?' என்பார்கள். போட்டியாளராகவே கருதாத ஒருவருக்குத்தான் அப்படி எளிதாக ஆதரவு தர முடியும். இங்கிலாந்து ரசிகர்கள் தங்கள் பகைவராக எண்ணுவது ஜெர்மனியையும் அர்ஜென்டினாவையும். சராசரி ஜெர்மானிய ரசிகருக்கோ உண்மையான பகை நெதர்லாந்தோடுதான். இப்படி ஒவ்வொருவரும் தன்னைத் திரும்பிப் பார்க்காத ஒருவரையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பகைமையைவிடத் தட்டிக்கொடுத்தல் அதிகமாகக் கசக்கும். அதிலும், 1872 நவம்பர் 30 அன்று உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டத்தில் எதிரெதிராக நின்ற இரு நாடுகளில் ஒன்றுக்கு அது இன்னும் அதிகமாகக் கசக்கும். அந்த ஆட்டம் நடந்த கிரிக்கெட் மைதானம் உங்கள் ஊரில்தான், பார்ட்டிக் பகுதியில் இருக்கிறது. முடிவு 0–0.

'கால்பந்து வீடு திரும்புகிறது' என்ற முழக்கத்தையும் இந்தப் பின்னணியில்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் நடந்த 1996 யூரோவுக்காக எழுதப்பட்ட ஒரு பாடலிலிருந்து வந்தது அது. பாடலை முழுவதுமாகக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வெற்றிப் பெருமிதம் பேசும் பாடலே அல்ல. முப்பது ஆண்டுகளாகத் தோற்றுத் தோற்று, இருந்தும் நம்பிக்கையை விடமுடியாத ஒரு ரசிகரின் சுய எள்ளல். உங்கள் மகன் அதைப் பாடும்போது அவன் மனத்தில் இருப்பதும் அந்த நப்பாசையாகத்தான் இருக்கும். ஆனால் பல்லாயிரம் பேர் பீர்க் கோப்பையை உயர்த்திக்கொண்டு அந்த ஒற்றை வரியை மட்டும் கத்தும்போது, எள்ளல் உதிர்ந்து உரிமைகோரல் மட்டுமே எஞ்சுகிறது. 2018 உலகக்கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தை 2–1 என்று வீழ்த்திய பின், குரோவேஷிய அணித்தலைவர் லூகா மோட்ரிச் அளித்த பேட்டி நினைவிருக்கலாம். இங்கிலாந்தின் பத்திரிகையாளர்களும் தொலைக்காட்சி நிபுணர்களும் தங்களைக் குறைத்து மதிப்பிட்டதாகவும், அவர்கள் எதிரணியை இன்னும் மதிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். ரசிகர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டதாக நினைத்தார்கள். எதிரணியோ அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு களமிறங்கியது.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அந்த முழக்கத்தில் கூடுதலான ஓர் உறுத்தல்: யாருடைய வீடு? 1863இல் லண்டனில் கூடி விதிகளை எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பந்தை ஒருவரே உருட்டிக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டம் என்றிருந்த நாளில், ஒருவருக்கொருவர் கடத்தி ஆடும் முறையை வளர்த்தெடுத்ததில் கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த முறையைத் தெரிந்த ஸ்காட்லாந்து வீரர்களை ஆங்கிலக் கழகங்கள் தெற்கே வரவழைத்துக்கொண்டன. அவர்களுக்குப் 'பேராசிரியர்கள்' என்றே பெயர் வந்தது. 1878இல் 7–2, 1881இல் லண்டனிலேயே 6–1, மறு ஆண்டு 5–1 என்று ஸ்காட்லாந்து இங்கிலாந்தைப் புரட்டியெடுத்த காலம் அது. ஆட்டத்தை இருவரும் சேர்ந்து உருவாக்கியிருக்க, வீடு ஒருவருடையது மட்டும் என்று பாடினால் மற்றவர் முகம் சுளிக்காமல் என்ன செய்வார்?

கேலி நாட்டெல்லை தாண்டும்போது பகையாகக் கேட்பது ஒரு பக்கம் மட்டும் நடப்பதில்லை. 2006 உலகக்கோப்பைக்கு முன், அப்போது 19 வயதே ஆன டென்னிஸ் வீரர் ஆண்டி மரே, யாரை ஆதரிப்பீர்கள் என்ற கேள்விக்கு, இங்கிலாந்தை எதிர்த்து ஆடும் யாராக இருந்தாலும் சரி என்று வேடிக்கையாகச் சொன்னார். ஸ்காட்லாந்தில் அது தேய்ந்துபோன பழைய நகைச்சுவை. சொன்ன சூழலும் கிண்டலும் கேலியுமாகப் போன ஒரு பேட்டி. ஆனால் இங்கிலாந்தில் பலர் அதைப் பகைமையாகவே எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் அவரைக் குத்திக்காட்டினார்கள். இங்கிலாந்தும் இத்தாலியும் மோதிய 2021 யூரோ இறுதிப்போட்டிக்கு முன் ஸ்காட்லாந்தின் 'த நேஷனல்' நாளிதழ், இத்தாலியப் பயிற்சியாளர் ரோபெர்டோ மான்சினியை ஸ்காட்லாந்து விடுதலை வீரர் வில்லியம் வாலஸின் கோலத்தில் முதல் பக்கத்தில் போட்டு, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியது. இதைப் பார்த்துச் சிரிக்காத ஸ்காட்லாந்துக்காரரும் உண்டு. பார்த்து வாய்விட்டுச் சிரித்த இங்கிலாந்துக்காரரும் உண்டு. இந்தப் போட்டிமனப்பான்மையின் பெரும்பகுதி இந்த அளவிலேயே நின்றுவிடுகிறது.

நின்றுவிடாத பகுதியையும் நான் மறைக்கக் கூடாது, ஏனென்றால் இங்கிலாந்து ரசிகர்களின் கெட்ட பெயர் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. 1995 பிப்ரவரியில் டப்ளினில் அவர்கள் இருக்கைகளைப் பிய்த்து எறிந்ததால் ஆட்டம் 27 நிமிடத்தோடு கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு யூரோவின்போது பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரில் நடந்த கலவரத்துக்குப் பின், இனியும் இப்படி நடந்தால் அணியையே தொடரிலிருந்து நீக்கிவிடுவோம் என்று ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் எச்சரித்தது. ஜெர்மானிய அணியைக் கண்டால் உலகப்போரில் வீழ்ந்த விமானங்களை எண்ணிப் பாடும் வழக்கத்தை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமே கைவிடச் சொல்லியும் சிலர் இன்னும் விடவில்லை. 2021 யூரோ அரையிறுதியில் டென்மார்க்கின் தேசிய கீதத்தின்போது கூச்சலிட்டது, அதன் கோல்காப்பாளர் முகத்தில் லேசர் ஒளியைப் பாய்ச்சியது, பட்டாசு கொளுத்தியது எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 30,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறன்று இறுதிப்போட்டியில் டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் வெம்பிளிக்குள் முண்டியடித்து நுழைந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வாயில்கள்கூட அவர்களின் தாக்குதலுக்குத் தப்பவில்லை. உயிர்ச்சேதம் நேராதது நல்லகாலம் என்ற முடிவுக்கே லூயிஸ் கேசியின் விசாரணை அறிக்கை வந்தது.

அதே தொடரில் இங்கிலாந்திடம் ஜெர்மனி தோற்றபோது அரங்கின் திரையில் ஒரு ஜெர்மானியச் சிறுமி அழுவது தெரிந்தது. அதைக் கண்டு அரங்கில் ஆரவாரம் எழுந்தது; சமூக ஊடகங்களில் அந்தப் பிள்ளையைச் சிலர் கீழ்த்தரமாக ஏசினார்கள். அவளுக்காக நிதி திரட்டத் தொடங்கியவர் வேல்ஸைச் சேர்ந்த ஒருவர். 36,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்து, யுனிசெஃப் அமைப்புக்குப் போனது. இந்த இராச்சியத்தில் எல்லோரும் அப்படியில்லை என்று காட்ட விரும்பியவர் ஓர் அண்டை நாட்டுக்காரர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெரிய அண்டை வீட்டார் செய்யும் அலம்பலுக்குத் தாங்களும் சேர்த்துப் பெயர் கெடவேண்டுமா என்ற கவலை ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நிரந்தரமாக உண்டு. வெளிநாட்டில் 'நீங்கள் ஆங்கிலேயரா?' என்ற கேள்விக்கு ஒரு நாளைக்குப் பலமுறை மறுப்புச் சொல்லிப் பழகியவர்களின் கவலை அது.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 1998 உலகக்கோப்பையில் இங்கிலாந்து ரசிகர்களையும் ஸ்காட்லாந்து ரசிகர்களையும் கிளிஃபோர்ட் ஸ்டாட்டும் அவருடைய சக உளவியலாளர்களும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். பிரான்சின் மார்சே நகரில் இங்கிலாந்து ரசிகர்கள், உள்ளூர் இளைஞர்களும் காவல்துறையும் தங்கள் அனைவரையும் ஒரே ரவுடிக் கும்பலாக நடத்துவதாக உணர்ந்தார்கள். அதனால் அமைதியாக வந்தவர்கள்கூட வம்புக்காரர்களோடு ஒன்றாகத் திரண்டார்கள். 'டார்டன் ஆர்மி' எனப்படும் ஸ்காட்லாந்து ரசிகர்களோ, தங்களில் எவராவது முறைத்துக்கொண்டு போனால் தாங்களே பிடித்து அடக்கினார்கள். நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர் என்பதே அவர்களின் அடையாளத்தில் பாதி. எனக்கு இதில் சற்றுச் சிரிப்பும் வருவதுண்டு. 1977இல் வெம்பிளி மைதானத்துக்குள் பாய்ந்து கோல்கம்பத்தை ஒடித்து, புல்தரையைப் பெயர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனவர்கள் இதே ஸ்காட்லாந்து ரசிகர்கள்தாம். நல்லொழுக்கம் பின்னால் வந்தது. இங்கிலாந்து ரசிகர்களின் பெயர் கெட்டிருந்ததும் அதற்கு ஒரு தூண்டுதலாக அமைந்தது. 2016இல் அதே மார்சேயில், ஏற்பாட்டோடு வந்த ரஷ்யக் கும்பலிடம் அடிவாங்கியவர்கள் இங்கிலாந்து ரசிகர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அணியோடு பயணம் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் டிக்கெட்டும் சட்டையும் வாங்கவே ஆண்டு முழுவதும் சேமிக்கும் சாதாரணக் குடும்பத்தினர்; அவர்கள் செய்தியாவதில்லை.

அந்தச் சோபாவுக்கு வருகிறேன். பிறர் தோற்கும்போது நமக்கு வரும் மகிழ்ச்சியைப் பற்றி 2003இல் வெளியான ஓர் ஆய்வு, 1998 உலகக்கோப்பையில் குரோவேஷியாவிடம் ஜெர்மனி தோற்றபோது நெதர்லாந்து மாணவர்களின் மனநிலையை அளந்தது. கால்பந்தில் தங்கள் நாடு பின்தங்கியது என்று முதலில் நினைவூட்டப்பட்டவர்கள், ஜெர்மனியின் தோல்வியில் கூடுதலாக மகிழ்ந்தார்கள். தாழ்ந்துபோனோமோ என்ற வலிதான் அந்த மகிழ்ச்சிக்கு எரிபொருள். இப்போது ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து தொடக்க ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 5–1 என்று நொறுங்கியது. கடைசி ஆட்டத்தில் 100ஆவது நிமிடத்தில் ஹங்கேரி அடித்த கோலால் வெளியேறியது. அதுவரை பெருந்தொடர் எதிலும் முதல் சுற்றை ஒருமுறைகூடத் தாண்டாத அணி அது. அதற்குப் பின் மூன்று வாரம், இங்கிலாந்து கடைசி நிமிடங்களில் தப்பித் தப்பி இறுதிப்போட்டி வரை போனதை அதே தொலைக்காட்சியில் உங்கள் மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். ஓயர்சபாலின் கோலில் அவர் கொண்டாடியது ஸ்பெயினை அல்ல. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இன்னொரு 1966ஐக் கேட்கவேண்டிய தண்டனையிலிருந்து விடுதலை கிடைத்ததையே.

நிறத்தைப் பற்றிய உங்கள் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறையில் நடந்தது நிறத்தைச் சேர்ந்தது என்று எண்ண உங்கள் கடிதத்தில் ஒரு தடயமும் இல்லை. அதே இடத்தில் வெள்ளை நிறச் சிறுவன் அதே ஜெர்சியோடு அமர்ந்திருந்தாலும் அதே கூச்சல்தான் எழுந்திருக்கும். நிறவெறி எங்கே எழுந்தது என்று பார்த்தால், 2021 இறுதிப்போட்டியில் பெனால்ட்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, உங்கள் மகனின் நாயகன் சாக்கா மூவர் மீதும் வசை பொழிந்தவர்களிடம்தான். அவர்களில் அந்த அணியையே ஆதரிப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களும் இருந்தார்கள். இன்னொரு தகவலையும் உங்கள் மகனிடம் சொல்லலாம். மேலே குறிப்பிட்ட 1881 ஆட்டத்தில் இங்கிலாந்தை 6–1 என்று வென்ற ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் ஆண்ட்ரூ வாட்சன். பிரித்தானிய கயானாவில் பிறந்தவர். உலகின் முதல் கறுப்பினச் சர்வதேசக் கால்பந்து வீரராக அறியப்படுபவர். ஸ்காட்லாந்தில் நிறவெறி இல்லை என்பதற்கு இது சான்று அல்ல. எந்தக் கோபம் எதைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு இது உதவும்.

ஆனால் சில வேளைகளில் ஜெர்சி மட்டுமே போதுமான காரணமாகிவிடுகிறது. 2006 உலகக்கோப்பையின்போது எடின்பரோ பூங்கா ஒன்றில் இங்கிலாந்து ஜெர்சி அணிந்திருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை ஓர் ஆள் தாக்கினான். நாடே தலைகுனிந்த சம்பவம் அது. அரிதானது என்பதால்தான் இன்னும் நினைவில் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்த நாளில், எந்த இடத்தில் என்று யோசித்து முடிவெடுப்பது கோழைத்தனம் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன். கிளாஸ்கோவில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டீர்கள். அந்த ஊரின் இரு எதிரிக் கழகங்களான செல்டிக்கின் பச்சையும் ரேஞ்சர்ஸின் நீலமும் அங்கே என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கால்பந்து நிறங்களோடு உள்ளே வராதீர்கள் என்று பப் வாசலில் எழுதிவைத்திருக்கும் ஊர் அது. அங்கே எந்த ஜெர்சியும் வெறும் துணி இல்லை.

பள்ளியைப் பொறுத்தவரை, சீருடை இருக்கும் நாட்களில் இந்தக் கேள்வியே எழாது. உடற்பயிற்சி வகுப்புக்கும் சீருடை இல்லாத நாட்களுக்கும் என்ன விதி என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கால்பந்து ஜெர்சி எதையுமே அனுமதிக்காத பள்ளிகள் அங்கே உண்டு. அனுமதி இருந்தால், அணிவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று நீங்கள் ஒளித்துவைத்தால், தான் ஏதோ வெட்கப்படவேண்டியதைச் செய்துவிட்டோம் என்றே அவன் புரிந்துகொள்வான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் நாளில் மட்டும் நகர மையத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. இதைக் காரணத்தோடு சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

அவனிடம் பேசும்போது, 'அவங்க கெட்டவங்க' என்றோ, 'இது வெறும் விளையாட்டுதானே, இதுக்குப் போய் அழுவாங்களா' என்றோ சொல்லாதீர்கள். முதலாவது பொய், இரண்டாவது அவன் துக்கத்தைச் சிறுமைப்படுத்தும். 'அந்த அங்கிளோட டீம் ஜூன்லயே தோத்துப் போச்சுடா, அவரும் அன்னைக்கு உன்னை மாதிரிதான் இருந்திருப்பாரு' என்று தொடங்கிப் பாருங்கள். உங்கள் ஊர் ஹாம்ப்டன் பார்க் அரங்கில் ஸ்காட்லாந்துக் கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளி திறக்கும் முன் ஒரு நாள் கூட்டிப் போங்கள். கூப்பிட்டால் உங்கள் மேலாளரே துணைக்கு வருவார் என்பது என் ஊகம். தன் நாட்டுக் கால்பந்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஒரு சிறுவன் கிடைத்தால் எந்த ஸ்காட்லாந்துக்காரரும் விடமாட்டார்.

மேலாளரிடம் நீங்களே பேசிவிடுவது நல்லது. ஆனால் குற்றச்சாட்டாக வேண்டாம். அலுவலகத்தில் நாலு பேர் முன்னிலையில் அல்லாமல், தனியே, 'அன்று பையன் கொஞ்சம் மனசு உடைந்துபோய்விட்டான்' என்ற அளவில் சொன்னால் போதும். உங்களுக்கு வீடு தேடித் தந்த மனிதர் மீதியைத் தாமே புரிந்துகொள்வார். அவர் ஏற்கெனவே அதை நினைத்துச் சங்கடப்பட்டுக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கிண்டலுக்கும் துன்புறுத்தலுக்கும் இடையிலுள்ள கோட்டை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஐம்பத்தெட்டு வருஷம் ஆச்சே' என்று சக மாணவர்கள் சீண்டினால், அவனும் '5–1' என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போகட்டும். அது அந்த ஊரில் நட்பின் மொழி. யாராவது அவன் மேல் கைவைத்தாலோ, அவன் நிறத்தையோ பெற்றோர் பிறந்த நாட்டையோ இழுத்துப் பேசினாலோ, நாள்தோறும் ஒரே பிள்ளைகள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டாலோ, அது கால்பந்து விவகாரம் அல்ல. அன்றே தேதி, இடம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, தலைமையாசிரியருக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.